பானெட்டும் ஓர் இடுக்கியும்

எந்தப் பொருளைக் கொடுத்தாலும் நான் கழற்றிவிடுவேன். மிக்ஸி, மேஜை விசிறி, குளியலறைக் குழாய், எதுவானாலும் சரி. அந்த விஷயத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்குப் போட்டியே கிடையாது. திரும்ப மாட்டுவதில்தான் சிக்கல். (மீந்துபோன திருகாணிகள் ஒரு டப்பா நிறைய வீட்டில் இருக்கின்றன. எது எதிலிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், பதில் சொல்லத் தெம்பில்லை.)

இந்தத் திறமையை நான் என் மச்சினன் முருகேசனின் கார்மேல் காட்டினேன். முருகேசன் என் மனைவி சந்திராவின் தம்பி. கப்பலில் சமையல் வேலை. கடலுக்குப் போகும்போது, ஆசை ஆசையாக வாங்கிய சிவப்புக் காரை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனான். கவனியுங்கள், அக்காவிடம்தான். என்னிடம் சாவியை மட்டும் கொடுத்தான்.

அவன் விஜயதசமி காலையில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. இறங்கிய கையோடு எர்ணாகுளத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். எத்தனையோ ஜாதகம் தட்டிப்போய், சந்திராவே அலைந்து திரிந்து பிடித்த சம்பந்தம் அது. "கப்பல்ல சோறு ஆக்குற பையன்னு பொண்ணு வீட்டுல இளப்பமா நெனச்சிரக் கூடாது, சொந்தக் கார்ல போய் இறங்கணும்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்பு, துர்காஷ்டமி அன்று, பொறுப்புள்ள அத்தானாக நான் காரின் முன்பக்க மூடியான பானெட்டைத் திறந்து கண்ணாடி கழுவும் தண்ணீரை ஊற்றினேன். பிறகு மூடினேன். பானெட்டை ஓங்கிப் போட்டு மூட வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும். நான் இரவல் வண்டியாயிற்றே என்று, தூங்கும் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் மெல்ல வைத்துவிட்டு, பொரியும் பழமும் வாங்கக் கிளம்பினேன்.

தோப்பும்படி பாலத்தில் ஏறியதும் காயல் காற்று அடித்தது. எதிரே ஒரு லாரி விர்ரென்று போனது. அடுத்த கணம் என் கண்முன்னால் பாலம் இல்லை, கொச்சி இல்லை, சிவப்புத் தகரம் மட்டும்தான் இருந்தது. பானெட் எழும்பிப் பின்னால் சாய்ந்து, நடுவில் மடிந்து, அதைத் தாங்கும் இரண்டு கீல்களையும் முறுக்கிவிட்டிருந்தது. கண்ணாடி தப்பியது. நான் தப்பியதைப் பற்றி அன்றைக்கு யாரும் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை.

கயிற்றால் கட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே மெக்கானிக் குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டியில் நின்றார். ஸ்பானர்கள் எல்லாம் வாழையிலையில் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன.

"பூஜ வெச்சுபோயி சேட்டா. இனி விஜயதசமி கழிஞ்ஞு வா" என்றார்.

எங்கள் ஊர் வழக்கம் அது. அஷ்டமி சாயங்காலம் கருவிகளை சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக் கூடாது. அடுத்த ஒர்க்‌ஷாப்பிலும் இதே கதை. ஊரில் இருக்கிற அத்தனை ஸ்பானரும் ஒரே நேரத்தில் விடுப்பில் போயிருந்தன.

வீட்டுக்கு வந்தால் சந்திராவும் வைத்து முடித்திருந்தாள். அவளுடைய தையல் கத்தரி, பையனின் பாடப்புத்தகங்கள், சிவப்புத் துணியில் மூட்டையாகக் கட்டிய என் ஸ்பானர்கள். காரைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் என்னய நம்பி விட்டுட்டுப் போன வண்டிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லி ஆறியிருப்பேன். எப்பாடு பட்டாவது நானே சரிபண்ணிவிடுகிறேன் என்றேன். அதற்கு அவள், பூஜையில் வைத்த ஸ்பானரைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்றாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அஷ்ரஃப் இக்கா வந்தார். பழைய மரச்சாமான் கடை வைத்திருப்பவர். அவருடைய கருவிகளுக்குப் பூஜை கிடையாது என்பதால் அன்று அந்தத் தெருவிலேயே வேலை செய்யத் தகுந்த சுத்தியல் அவரிடம்தான் இருந்தது. காரைப் பற்றி என்னைவிடக் கொஞ்சமும் அதிகமாகத் தெரியாது. ஆனால் மனிதரின் தைரியம் இருக்கிறதே!

"இதொக்கெ எந்து பணியாடோ? ஞான் ஏற்று" என்றார். இதெல்லாம் ஒரு வேலையா, நான் பொறுப்பு என்று அர்த்தம்.

மரச்சுத்தி இருந்தது, ஸ்பானர் இல்லை. சந்திரா கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மூட்டையை அவிழ்த்து ஸ்பானர்களை எடுத்துவிட்டேன். மூட்டை தளர்ந்து விழுந்தது. அதற்கு ஒரு கனம் வேண்டுமே என்று, அடுப்படியில் கைக்குக் கிடைத்த பாத்திரம் இறக்கும் இடுக்கியை உள்ளே வைத்துப் பழையபடி கட்டினேன். (என் வாழ்நாளில் கழற்றியதைத் திரும்ப ஒழுங்காக மாட்டியது அந்த மூட்டையை மட்டும்தான்.)

பிறகு கழற்றல். அது அருமையாக நடந்தது. பானெட்டை இறக்கிப் பழைய மெத்தைமேல் கவிழ்த்துப்போட்டு, இக்கா மரச்சுத்தியால் மடிப்பைத் தட்டினார். ஒரு பள்ளம் நிமிர்ந்தால் பக்கத்தில் இரண்டு மேடு முளைத்தது. நான் கீல்களைத் துவைக்கிற கல்லில் வைத்து அடித்தேன். ஓரளவு நேரானதும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சாயா குடித்தோம். குடித்துவிட்டு வந்து பார்த்தால், எது இடது பக்கத்துக் கீல், எது வலது பக்கத்துக் கீல் என்று இருவருக்கும் தெரியவில்லை. கழற்றுமுன் ஓர் அடையாளக் கோடு போட வேண்டுமாம். இதைப் பிற்பாடு எனக்குச் சொல்லாதவர்களே கிடையாது.

உத்தேசமாக மாட்டினோம். பானெட் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் தூக்கிக்கொண்டு, எங்களைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தது. மாற்றி மாட்டலாம் என்றால் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. இக்காவே வழி சொன்னார். இருவரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தோம். 'டக்'கென்று பூட்டிக்கொண்டது! கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதற்கப்புறம் எப்படி இழுத்தும் அது திறக்கவில்லை என்பதை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை.

மேடு பள்ளத்தை மறைக்கத்தான் ஆயுத பூஜை இருக்கிறதே. சந்தனத்தை வாளியில் கரைத்து அப்பினேன், குங்குமம் வைத்தேன், செவ்வந்தி மாலையைக் குறுக்கும் நெடுக்குமாகச் சார்த்தினேன். சந்திரா பார்த்துவிட்டு, இத்தனை பக்தி எப்போதிலிருந்து என்று கேட்டாள். ஆனால் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. அன்று முழுக்க இடுக்கியைக் காணோம் என்று தேடி, முந்தானையால் பாத்திரம் இறக்கிக் கையைச் சுட்டுக்கொண்டாள். நானும் கூடவே தேடினேன்.

விஜயதசமி காலையில் முருகேசன் வந்தான். மாலையும் சந்தனமுமாக நின்ற காரைப் பார்த்து, "அத்தான், என் வண்டிய சாமியாட்டமா வெச்சிருக்கீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். கூசிப்போனேன். கிளம்புகிற நேரத்தில் சந்திரா பூஜையை எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தவள் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எர்ணாகுளம் போகும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

பெண் வீட்டு வாசலில் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். முருகேசன் ஸ்டைலாக வந்து பிரேக் போட்டான். வண்டி நின்றது. பானெட் நிற்கவில்லை. 'க்ரீச்' என்று நிதானமாக மேலே எழும்பி, மாலையைக் கண்ணாடிமேல் தள்ளிவிட்டு, நின்றவர்களுக்கெல்லாம் தன் வாயைத் திறந்து காட்டியது. முருகேசன் இறங்கி அமுக்கினான். பெண்ணின் அப்பா அமுக்கினார். சித்தப்பாமார் சேர்ந்து அமுக்கினார்கள். எல்லார் கையிலும் வேட்டியிலும் சந்தனம். சந்தனம் போன இடத்தில் பள்ளமும் மேடும்.

"அத்தான், என் வண்டிய என்ன பண்ணீங்க?" என்றான் முருகேசன், மெல்லிய குரலில்.

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. சம்பந்தம் போச்சு, சந்திரா இனி பிறந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்வாள் என்றுதான் தோன்றியது. சந்திரா என் பக்கத்தில் வந்து நின்றாள். கைப்பையைத் திறந்தாள். சந்தனப் பொட்டு வைத்த இடுக்கியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. இத வெச்சு மூடுங்க."

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடியும் வெடித்தது. அதுதான் பெண், ரேவதி. கோபத்தில் நின்ற முருகேசன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான், அப்புறம் காரை மறந்துவிட்டான். சம்பந்தம் நிச்சயமாயிற்று. (இதில் எனக்கும் பங்குண்டு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இனி சொல்லமாட்டேன்.)

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம். அஷ்டமி சாயங்காலம் கருவிகளை வைத்து முடித்ததும் சந்திரா என்னைக் கூப்பிட்டு சரஸ்வதி முன்னால் உட்காரவைப்பாள். இரண்டு உள்ளங்கையிலும் சந்தனம் வைப்பாள். கையும் பூஜையில் சேர்ந்தாயிற்று, இனி எதையும் தொடக் கூடாது. முருகேசன் எந்தக் கடலில் இருந்தாலும் போன் பண்ணிவிடுவான். "அக்கா, அத்தான் கையப் பூஜ வெச்சாச்சா?" வெச்சாச்சு என்று இவள் சொன்னபிறகுதான் மற்ற நலமெல்லாம் விசாரிப்பான்.

போன வருஷம் விஜயதசமி காலையில் எல்லாருடைய கருவிகளையும் எடுத்துக் கொடுத்தவள், என் கையின் முறை வந்ததும் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். அங்கே முருகேசனும் ரேவதியும் புதிதாக வாங்கிய கார் நின்றிருந்தது.

"இது இன்னும் ரெண்டு நாள் பூஜையிலேயே இருக்கட்டும்" என்றாள்.