காய்ச்சிய எண்ணெயும் மோர்ச் சட்டியும்

கல்யாணமான புதிதில் ஆண்களுக்கு ஒரு தைரியம் வரும். மனைவியிடம் எதையும் கேட்டுவிடலாம் என்ற தைரியம். கேட்டபின் என்ன செய்வது என்ற அறிவு மட்டும் கூடவே வராது. எனக்கு அது இன்னமும் வந்து சேரவில்லை என்பது ராஜியின் கட்சி.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். அப்பா, அம்மா, நான், பாலக்காட்டிலிருந்து புதிதாக வந்த ராஜி. பெரியவர்கள் கோயிலுக்குப் போகும் ஞாயிறு சாயங்காலம்தான் எங்களுக்கென்று இருந்த நேரம். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, ஆசனவாய் வழியாகவும் இன்பம் உண்டாமே என்று மெல்ல ஆரம்பித்தேன். கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவாளோ என்று பயம்தான்.

அவள் கோபிக்கவில்லை. யோசித்தாள்.

"அத்தனை சுகமுண்டுன்னா, ஆத்யம் நீங்களே பாருங்க. பின்னே எனக்கு வேணுமா வேண்டாமான்னு நான் சொல்றேன்."

(நியாயமான பேச்சு. இந்த மாதிரி நியாயமாகப் பேசுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.)

இன்டர்நெட் கபேயில் திரை போட்ட மூலையில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புக்குக்கூடப் படிக்காத அக்கறையோடு படித்தேன். நகம் ஒட்ட வெட்ட வேண்டும். வெந்நீரில் குளித்து உடம்பைத் தளர்த்த வேண்டும். முதல் தடவைக்கு ஒரு விரல் போதும், அவசரம் கூடாது, வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அந்தப் பகுதியில் இயற்கையாக ஈரம் சுரக்காது, அதனால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நீரில் கரையும் ஜெல்லைத் தாராளமாகத் தடவ வேண்டும்.

எல்லாம் சரி. எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் சேட்டன் தினமும் அப்பாவோடு சாயா குடிப்பவர். ஜெல் கேட்டால் ஒரு சாயா ஆறுவதற்குள் விஷயம் வீட்டுக்கு வந்துவிடும். "எண்ணெய் போதாதா?" என்றேன். ராஜி சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"விளக்குக்கும் கறிக்கும் வச்ச எண்ணெயையா? பகவானே! அதைத் தொடாதீங்க."

அதுவும் நியாயம். குளியலறையில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் இருந்தது. அடுத்த ஞாயிறு பெரியவர்கள் கோயிலுக்குப் போனதும் அதை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் தலைக்கு வெறும் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதில்லை. சளி பிடிக்காமல் இருக்க மிளகும் துளசியும் போட்டுக் காய்ச்சித்தான் தேய்ப்பார்கள். அப்பாவுக்கு மிளகுக் கிடங்கில் வேலை. அம்மா மிளகு போடுவதில் ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. பிறந்ததிலிருந்து அந்த எண்ணெயைத் தலையில் சுமந்தவனுக்கு அன்றைக்கு இதெல்லாம் நினைவுக்கே வரவில்லை.

ராஜி நான் படித்துச் சொன்னபடியே விரலில் எண்ணெய் தொட்டுப் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். "இல்லையே" என்று பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எரிய ஆரம்பித்தது.

தலையில் இதமாக இருக்கும் மிளகு மற்ற இடங்களில் அப்படி இருப்பதில்லை. நான் குதித்த குதியில் கட்டில் நகர்ந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, துணி ஊறவைக்கும் பேசினில் தண்ணீர் நிரப்பி உட்கார்ந்தேன். எண்ணெய் தண்ணீருக்கு எங்கே அசையும்? ராஜி அழுதுகொண்டே ஓடிப்போய் மோர்ச் சட்டியைத் தூக்கி வந்து பேசினில் கவிழ்த்தாள். அந்த நேரம் பார்த்து அம்மா திரும்பி வந்துவிட்டாள்.

மகன் மோருக்குள் உட்கார்ந்திருக்கிறான். மருமகள் காலிச் சட்டியோடு அழுகிறாள். ராஜியின் முகம் வெளுத்துப்போனது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

அம்மாவே கேட்டாள்: "எந்தா மோனே, மூலக்குருவா?"

மூலமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி கேட்டவளை அந்த நிமிடம் கும்பிட வேண்டும் போலிருந்தது. "ஆமாம்மா" என்றேன்.

"இத்தனை நாள் சொல்லாம இருந்தியேடா!" என்று அம்மாவும் அழுதாள்.

எரிச்சல் அன்றே அடங்கியது. அடுத்த மாதம் இருவரும் படகேறி எறணாகுளம் போய், எங்களை யாரென்றே தெரியாத கடையில் ஜெல் வாங்கினோம். அதன்பிறகு நடந்தது எங்கள் சொந்த விஷயம். (எரியவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.)

மூலம் மட்டும் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. இடக்கொச்சி அத்தை முதல் தூரத்துச் சொந்தம் வரை எல்லோருக்கும் தெரியும். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், நான் மீன் கறியைத் தொடுமுன் அத்தை கூவினாள்: "அவனுக்குக் காரம் ஆகாது, மோர் ஊத்து! இல்லேன்னா மோருக்குள்ளேயே போய் உட்கார்ந்துக்குவான்!" பந்தி முழுக்கச் சிரித்தது. எதிர் இலையில் ராஜி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரக் குலுங்கினாள். இருபது வருடம் கழித்தும் அவளை அப்படிச் சிரிக்கவைக்க எனக்கு வேறு வழி தெரியாது. மோர்ச் சோற்றைப் பிசைந்தேன்.