மேற்குத் தெருவில் பூஜ்யம்

ஆறாவது வாரமும் கணக்கு உதைத்தது. கேமரா பொருத்திய கிழக்குத் தெருவில் அதுவரை பதினொரு சைக்கிள்கள் காணாமல் போயிருந்தன. கேமராவே இல்லாத மேற்குத் தெருவில் ஒன்றுகூடப் போகவில்லை.

தெருப் பெயர்களை மாற்றி எழுதிவிட்டோமோ என்று பேராசிரியை தாளை இரண்டு முறை சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

குற்றவியல் துறையில் இருபது வருடம் பாடம் நடத்திய பிறகு அவருக்குக் கிடைத்த முதல் பெரிய ஆய்வு இது. கேமரா வைத்தால் சைக்கிள் திருட்டு குறையுமா என்பதுதான் கேள்வி. பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள், ஒரே மாதிரிக் கடைகள், இரண்டிலும் மாதத்துக்கு ஏழெட்டு சைக்கிள் களவு. கிழக்கில் நடப்பதைக் கேமரா பதிவு செய்தது. மேற்கில் அதைச் செய்ய ஆள் வேண்டுமே என்று, பேராசிரியையே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற சைக்கிளையும் போகிற சைக்கிளையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். முடிவைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் முழுக்கக் கேமரா வைப்பதா வேண்டாமா என்று நகராட்சி தீர்மானிக்கும்.

முதலில் அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். மதியம் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரத்தில்தான் திருட்டு நடக்கிறதோ, நம் கண்ணுக்குத் தப்புகிறதோ என்று தோன்றியது. அன்றிலிருந்து சாப்பாடும் நாற்காலிக்கே வந்தது. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இடைவேளையில் டிபன் டப்பாவோடு ஓடிவந்து, மனைவி சாப்பிட்டு முடிக்கும்வரை தானே சைக்கிள்களை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார்.

எட்டாவது வாரம் கிழக்கில் பத்தொன்பது. மேற்கில் பூஜ்யம்.

துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். கேமரா யோசனையே அவருடையது. நகராட்சிக் கூட்டத்தில் மார்தட்டிவிட்டும் வந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு நயமாகத்தான் பேசினார். மேற்குத் தெருவை ஆய்விலிருந்தே எடுத்துவிடலாம் என்றார். முடியாதென்றால், இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டார்.

"எனக்குத் தெரியுமே சார்," என்றார் பேராசிரியை.

"பதவி உயர்வுக்கு உங்க பேர்தான் போயிருக்கு. யோசிச்சுக்குங்க."

"வந்த கணக்கு வந்ததுதான் சார். ஏன் வந்துச்சுன்னு வேணா கண்டுபிடிக்கிறேன்."

ஒருவேளை மேற்குத் தெருக்காரர்கள் திருட்டு போனதை வெளியே சொல்லாமல் மறைக்கிறார்களோ? வீடு வீடாகப் போனார். சைக்கிளை எங்கே நிறுத்துவீர்கள், பூட்டுவீர்களா, எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இருக்காது என்று வரிசையாகக் கேட்டார். ஐந்தாவது வீட்டு அம்மாள் அன்பாக உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்.

ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவைத் திறந்தார்.

"என்ன தொழில்?"

"குற்றவியல்."

"அது தெரியுது. தொழில் என்னன்னு கேட்டேன்."

அடையாள அட்டையைக் காட்டினார். அதிலிருந்தது இருபது வருடத்துக்கு முந்தைய முகம். ரைட்டர் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். தகவல் தெரிந்து கணவர் அலறியடித்துக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில், "ரெண்டு மாசமா இவ அந்தத் தெருவுல சைக்கிளைத்தான் சார் நோட்டம் பாத்துக்கிட்டிருக்கா," என்று சொல்லி, கொஞ்சம் நஞ்சம் இருந்த நம்பிக்கையையும் கெடுத்தார். துறைத்தலைவர் போனில் வந்து, அவர் எங்கள் பேராசிரியைதான் என்று உறுதி சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பரிகாரமாக, மேற்குத் தெருப் பக்கம் ரோந்து போகிற ஏட்டிடம், தினமும் அம்மாவை ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போகும்படி சொன்னார். ஏட்டு ஒரு படி மேலே போனார். காலை ஒன்பது மணிக்கு நாற்காலி முன்னால் வந்து, விறைப்பாக நின்று, ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் நகர்வார். பேராசிரியைக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. வேண்டாம் என்றால் அவர் கேட்டால்தானே.

நான்காவது மாத முடிவில் கிழக்கில் மொத்தம் ஐம்பத்தொரு சைக்கிள்கள் போயிருந்தன. கேமராவில் விழுந்ததெல்லாம் விதவிதமான தொப்பிகள் மட்டும். மேற்கில் அதே பூஜ்யம்.

அறிக்கை எழுதி முடிக்க எட்டு மாதம் ஆனது. அதை வெளியிடுகிற நாளில் அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் நகராட்சிக்காரர்கள், நடுவே கைக்குட்டையும் கையுமாகத் துறைத்தலைவர். பின்வரிசையில் பேராசிரியையின் கணவர். அவர் பக்கத்தில், அனுபவம் பேசுவதற்காகச் சிறை நலத்துறை அழைத்து வந்திருந்த பழைய சைக்கிள் திருடர் ஒருவர். ஆய்வு முடிந்த மறுவாரமே பிடிபட்டு, ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டுத் திருந்தி வந்தவர்.

பேராசிரியை எதையும் ஒளிக்கவில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யம் என்றார், ஐம்பத்தொன்றை ஐம்பத்தொன்று என்றார். தான் எப்படியெல்லாம் சந்தேகப்பட்டு, எப்படியெல்லாம் தோற்றார் என்பதையும், ஸ்டேஷனுக்குப் போன கதை உட்பட, சொன்னார்.

"இது ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியல," என்று முடித்தார். "தெரியலன்னுதான் அறிக்கையிலயும் எழுதியிருக்கேன்."

துறைத்தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கணவர் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். மெல்ல மெல்ல மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் பழைய திருடர் எழுந்து, ஒரு வார்த்தை பேசலாமா என்று பணிவாகக் கேட்டார். மைக்கைக் கொடுத்தார்கள். அவர் மேடையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பதினெட்டு வருஷமா தொழில்ல இருந்தேம்மா, வெயிலு மழைன்னு பாக்காம, ஒரு நாள் லீவு போடாம, சோத்தைக்கூட ஒக்காந்த எடத்துலயே தின்னுக்கிட்டு காவல் காத்த ஒரு மஃப்டி போலீசை நான் பாத்ததே இல்ல, அதான் நாங்க மொத்தப் பேரும் கேமராத் தெருவே தேவலன்னு அங்க மாறிட்டோம்."