ஆமாங்க ஓட்டிய ரயில்

உத்திரமேரூர் வட்டாரத்திலேயே யார் என்ன சொன்னாலும் மறுக்கத் தெரியாத மனிதர் ஒருவர்தான். பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எதற்கும் "ஆமாங்க" என்றே ஆரம்பிப்பதால் அதுவே பெயராகிவிட்டது.

ஒருநாள் ராங் நம்பர். "இன்னா மச்சான், இன்னும் கோவமா கீறியா?"

"ஆமாங்க. காதுகுத்துக்கு ஒரு வார்த்த சொன்னியா நீ?" என்று குத்துமதிப்பாக வீசினார். எதிர்முனை விசும்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத வீட்டுக் காதுகுத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

நானும் அந்த ஊர்தான், ஆனால் வேறு ரகம். சென்னையில் ஸ்டாண்ட்-அப் காமெடியன். எந்தச் சொல்லுக்குப் பிறகு மூச்சு விடுவது என்பதுவரை கண்ணாடி முன் பழகிவிட்டுத்தான் மேடை ஏறுவேன்.

சித்தப்பா மகள் வசந்தியின் ரிசப்ஷன் திருப்புலிவனத்தில். மாப்பிள்ளை வேன் புள்ளலூர்ப் பக்கம் மழையில் சிக்கிக்கொண்டது. போனும் எடுக்கவில்லை. "மாப்ள ஓடிட்டானாம்" என்ற முணுமுணுப்பு, மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தவள் காதுவரை போய்விட்டது. சித்தப்பா என் கையில் மைக்கைத் திணித்தார். மெட்ரோ ஜோக், அபார்ட்மென்ட் லிஃப்ட் ஜோக், எல்லாம் சொன்னேன். ஒரு குழந்தை அழுதது.

அதோடு கரண்டும் போனது. கூரைத் தகரத்தில் மழை தடதடத்தது. இருட்டில் ஒரு பெரியவர், "இன்னாபா இது, ரயிலு குகைக்குள்ள பூந்த மாரி கீது?" என்றார்.

"ஆமாங்க" என்றது நமக்குத் தெரிந்த குரல். "ஜன்னலாண்ட கைய நீட்டாதீங்க."

எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. ஆனாலும் யாரோ "சூடா டீ" என்று கூவினார்கள். யாரோ மேல் பெர்த் கேட்டார்கள். ஆமாங்க செல்போன் வெளிச்சத்தோடு வசந்தியிடம் போனார்.

"எங்கம்மா எறங்கணும்?"

"மாப்ள வூட்டுக்குண்ணா. அந்த ஸ்டேஷன் வருமான்னுதான் தெரியல."

"வரும்மா. புள்ளலூர்ல ஒருத்தர் நனஞ்சிக்கினு நிக்கிறாரு. ஏத்திக்கினு போலாம்."

நாற்காலிகள் மெல்ல ஆடின. ஈரக்காற்றில் வயல்கள் பின்னோக்கி நகர்வதைச் சத்தியமாக நானும் பார்த்தேன். எவ்வளவு தூரம் போனோமோ, முழங்கால் சேற்றோடு மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார்.

"சீக்கிரம் ஏறுங்க, வண்டி கெளம்பிடும்" என்றாள் வசந்தி.

அன்று எழுந்த சிரிப்பு மாதிரி ஒன்று என் மேடைக்கு இன்றுவரை வந்ததில்லை.

பேராசை யாரை விட்டது? அவரைச் சென்னைக்கு இட்டுப்போய் மைக் முன்னால் நிறுத்தினேன். "சாப்ட்டீங்களா?" என்றார். எவரும் வாய் திறக்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

"உனுக்கு எதிர்ல ஆளு இருந்தா போதும் நைனா. எனுக்குப் பக்கத்துல ஆளு ஓணும்."

இப்போதெல்லாம் நிகழ்ச்சி இல்லாத சனிக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போய்விடுகிறேன். பின் டயரில் காற்று இல்லை என்பேன். அது நிறையவே இருக்கும்.