தால்ச்சா அண்டா இறங்கி நடந்த கதை

போன மாசம் எங்கத்தா, அதான் எங்கப்பா, எனக்கு ஒரே ஒரு வேலை சொன்னாரு. காருக்குப் பின்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரும் ஆயில் ஒழுகுது, மாத்திட்டு வா. அம்புட்டுத்தான்.

அரை நாள் வேலை. பழசக் கழட்டி, அதே மாதிரி புதுச மாட்டிட்டு, ஒரு டீயக் குடிச்சுட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வேற எவனா இருந்தாலும் வந்திருப்பான்.

எனக்குத்தான் ஆட்டோகிராஸ் கிறுக்கு புடிச்சிருக்கே!

தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். காலி மைதானத்துல வரிசையா கோன் வச்சிருப்பாங்க. ஒவ்வொரு வண்டியா உள்ள விட்டு, வளைஞ்சு நெளிஞ்சு எம்புட்டு சீக்கிரம் வெளிய வர்றோம்னு டைம் பாப்பாங்க. கோன இடிச்சா செகண்டு கூடும். கோயமுத்தூர் பக்கம் போய் ஒரே ஒரு தடவ ஓட்டிருக்கேன். பதினெட்டு பேருல பதினேழாவது வந்தேன். பதினெட்டாவது ஆளுக்கு வண்டி ஸ்டார்ட்டே ஆகல.

தோத்ததுக்குக் காரணம் ஓட்டுன ஆளுதான்னு பாத்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் காரணம் சஸ்பென்ஷன்னு தெரிஞ்சுச்சு.

அந்த வண்டியும் எனக்குன்னு வாங்குனது கெடையாது. எங்க பிரியாணிக் கடை வண்டி. பழைய சின்னக் கார். வாரத்துல ஆறு நாளு வெங்காய மூட்டையும் அரிசி மூட்டையும் சுமக்கும். ஏழாவது நாளு என்னையச் சுமக்கும்.

நாகல்நகர்ல நம்ம மெக்கானிக் செல்வண்ணன் பட்டறைக்குப் போனேன். கையில ஒரு பெட்டி. உயரம் கம்மியான ஸ்ப்ரிங்கு நாலு, திருகி டைட்டு கூட்டிக் கொறைக்கிற ஷாக்கு நாலு. ஆசை ஆசையா வரவழைச்சு, கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தது.

செல்வண்ணன் ஸ்ப்ரிங்கக் கையில எடுத்துப் பாத்தாரு. "தம்பி, மைதானத்துக்குன்னா சரி. நம்ம ரோட்டுக்கு இது ஆகாதுப்பா. நீங்க லோடு வேற ஏத்துறீங்க."

"ரெண்டுக்கும் ஆகும்ணே! பெட்டியிலயே போட்டிருக்கான் பாருங்க."

"போட்டவன் திண்டுக்கல் வந்திருக்கானா?"

நான் கேக்கல. கேக்குற ஆளா இருந்தா இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

சாயங்காலம் வண்டி ரெண்டு இஞ்சு இறங்கி அம்சமா நின்னுச்சு. வேடசந்தூர் ரோட்டுல தனியா ஒரு ரவுண்டு போனேன். வளைவுல ஒரு சாய்வு இல்ல, ஒரு ஆட்டம் இல்ல. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

வீட்டு வாசல்ல அத்தா நின்னாரு. வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு.

"என்னலே, வண்டி தரையில ஒக்காந்திருக்கு?"

"புது டைப்பு ஷாக்குத்தா. லோடு ஏத்தினாலும் ஆடாது."

"ஆடாதுல்ல?"

"ஒரு சொட்டு தண்ணி சிந்தாதுத்தா!"

இந்த வாய் இருக்கே, வாய்!

அடுத்த ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி ரிஸ்வானாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை ஆசிக்குக்கு நிலக்கோட்டை. அவங்களுக்கும் நமக்கும் நடுவுல இருக்கட்டும்னு சின்னாளபட்டியில மண்டபம் புடிச்சிருந்தோம். ரிஸ்வானா மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்ச அன்னைக்கே அத்தாகிட்ட ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டா. "எப்படிப்பட்ட ஆளா இருந்தாலும் சரித்தா. அண்ணன மாதிரி மட்டும் இருக்கக் கூடாது."

அத்தாவும் பொறுப்பா விசாரிச்சுத்தான் புடிச்சாரு. ஜவுளிக்கடையில வேலை, அமைதியான புள்ள, ஸ்கூட்டர்ல போவாரு வருவாரு.

இந்தச் சம்பந்தம் அமைஞ்சதே தால்ச்சாவுலதான், பிரியாணிக்கு ஊத்திக்கிற கத்திரிக்கா பருப்புக் குழம்பு. மாப்பிள்ளையோட அம்மா ஒரு தடவ எங்க கடையில சாப்டுட்டு, "தால்ச்சா யாரு வச்சது?"ன்னு கேட்டு, எங்கம்மாகிட்ட வந்து பேசி, பேச்சு அப்படியே பொண்ணு வரைக்கும் வந்துருச்சு. அதனால பிரியாணிய மண்டபத்துலயே மாஸ்டர் போட்டாலும், தால்ச்சாவ மட்டும் அம்மா கையால வீட்டுல வச்சுக் கொண்டுபோறதா முடிவாச்சு. சம்பந்தியம்மா போன்ல ரெண்டு தடவ சொல்லிட்டாங்க, "தால்ச்சா மட்டும் மறந்துராதீங்க."

அன்னைக்குன்னு பாத்து கடையோட லோடு ஆட்டோ ஐஸ் எடுக்கப் போயிருச்சு. "எதுக்கு ஆட்டோ? நான் இருக்கேன்ல?"ன்னு நெஞ்ச நிமித்துனவன் யாருன்னு நெனைக்கிறீங்க?

அம்மாவும் தங்கச்சியும் காலையிலயே வேன்ல போயிட்டாங்க. பதினோரு மணிக்கு, பின் சீட்ட மடக்கி, நாப்பது லிட்டர் அண்டாவ ஏத்தினோம். மூடியப் போட்டு வெள்ளத் துணியால இறுக்கிக் கட்டி, அதக் கட்டிப்புடிச்சுக்கச் சொல்லி அக்கா புருசன் யூசுப் மச்சானப் பக்கத்துல ஒக்கார வச்சோம். முன்னாடி அத்தா, வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை. லுஹர் தொழுதுட்டு ஒன்றரை மணிக்குப் பந்தி. சின்னாளபட்டி பதினொரு கிலோமீட்டர். பிஸ்மி சொல்லிக் கெளப்பினேன்.

பேகம்பூர் தாண்டல. மொத ஸ்பீடு பிரேக்கர்.

மெதுவா ஏத்தினேன். கர்ர்ர்ர்ருன்னு அடியில ஒரு சத்தம். மூணு ஆளு, ஒரு அண்டா, ரெண்டு இஞ்சு கொறைஞ்ச வண்டி. வயிறு தட்டிருச்சு.

"என்னலே சத்தம்?"

"ஒன்னுமில்லத்தா. புது ஷாக்கு பழகுது."

அடுத்தத கொஞ்சம் வேகமா ஏத்தினேன். தட்டல. குதிச்சுச்சு! வண்டி இறங்குச்சு, தால்ச்சா இறங்கல. துணியத் தள்ளிக்கிட்டு மூடி எந்திரிச்சுச்சு.

"யா அல்லா!"ன்னு மச்சான் ஒரு கத்து கத்துனாரு. திரும்பிப் பாத்தா அவரு மடியில ஒரு முழுக் கத்திரிக்கா.

அத்தா என்னையப் பாத்தாரு. "சொட்டு தண்ணி சிந்தாது."

"தண்ணிதான்த்தா சொன்னேன்."

அப்பத்தான் என் மூளைக்கு ஒரு யோசனை வந்துச்சு. என் மூளைக்கு யோசனை வந்தா அன்னைக்கு எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கணும். "ஷாக்குல ஒரு திருகு இருக்குத்தா. லூசு பண்ணிட்டா மெத்தை மாதிரி போகும். செத்த நேரம் இருங்க."

நிச்சயத்துக்குத் தச்ச புதுச் சட்டையோட ரோட்டுல படுத்து, கைய விட்டு, பின்னாடி ரெண்டையும் கடைசி வரைக்கும் திருகினேன். எந்திரிச்சுச் சட்டையத் தட்டிக்கிட்டே வெற்றியோட ஏறினேன்.

மூணாவது ஸ்பீடு பிரேக்கர்ல மச்சான் தலை கூரையில போய் இடிச்சுச்சு.

திருகு ரெண்டு பக்கமும் போகும். நான் டைட்டு பண்ணிருக்கேன்.

திரும்பப் போய் லூசு பண்ணினேன். இப்ப ஸ்பீடு பிரேக்கரே இல்லாத எடத்துலயும் வண்டி பின்னாடி ஊஞ்சலாட்டம் ஆடி ஆடி ரோட்டத் தடவிக்கிட்டே வந்துச்சு.

அத்தா "ஓரங்கட்டு"ன்னாரு. "அண்டாவ இறக்கு."

அப்புறம் நடந்தத திண்டுக்கல், சின்னாளபட்டி ரெண்டு ஊரு சனமும் பாத்துச்சு.

ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முன்னாடி வண்டி நிக்கும். நானும் மச்சானும் அண்டாவ இறக்கி, ஆளுக்கொரு காதப் புடிச்சு, அந்தப் பக்கம் கொண்டுபோய் வைப்போம். அத்தா அண்டாவுக்குக் காவல் நிப்பாரு. நான் திரும்ப ஓடிவந்து, காலி வண்டியக் கோணலா ஏத்தி இறக்குவேன். மறுபடி அண்டாவ ஏத்துவோம். அத்தா உள்ள ஒக்காந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுவாரு. "நாலு." அடுத்ததுக்கு, "அஞ்சு."

ஆறாவதுல ஒரு மினி பஸ்சு எங்களுக்காக நின்னுச்சு. கண்டக்டர் தலைய வெளிய நீட்டி, "என்ன பாய், அண்டாவுக்கு வாந்தி வருதா?"ன்னாரு. பஸ்சே சிரிச்சுச்சு.

ஏழாவதுல ஒரு அக்கா தூக்குவாளியோட வந்து நின்னாங்க. "நோன்பு மாசம் இல்லையே பாய், இன்னைக்கு என்ன கஞ்சி?"

"கஞ்சி இல்லக்கா, தால்ச்சா."

"அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஊத்துங்க"ன்னு வாளிய நீட்டிட்டாங்க. பின்னாடி திரும்பிப் பாத்தா இன்னும் மூணு பேரு பாத்திரத்தோட வாராங்க. மச்சானும் நானும் அண்டாவத் தூக்கிக்கிட்டு ஓடுன ஓட்டம் இருக்கே, ஆட்டோகிராஸுல நான் அந்த வேகம் போனதில்ல.

அம்மா போன் பண்ணாங்க. "எங்கடா வாரீங்க?"

"காந்திகிராமத்துகிட்டம்மா."

இருபது நிமிசம் கழிச்சு மறுபடி. "இப்ப எங்க?"

"காந்திகிராமத்துகிட்டதாம்மா."

மூணாவது போன் ரிஸ்வானா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "அண்ணே, அவங்க எல்லாரும் வந்துட்டாங்க. அவங்கம்மா இறங்குனதுமே தால்ச்சாவத்தான் கேட்டாங்க. அம்மா முழிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வந்துருண்ணே, ப்ளீஸ்."

என்னைய எம்புட்டு வேணாலும் திட்டிக்கங்க, தாங்குவேன். அந்தப் புள்ள அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்ல. சின்ன வயசுல என் சைக்கிள் பின்னாடி ஒக்காந்து விழுந்து எந்திரிச்சப்பக்கூட அவ என்னையத் திட்டத்தான் செஞ்சா. ஒரு ஸ்ப்ரிங்குக்காக அவ சபையில தலைகுனியணுமான்னு நெனைச்சேன். அதுக்கப்புறம் அண்டா கனக்கவே இல்ல.

ஒன்னு இருபதுக்கு மண்டபம் தெரிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி பத்தடியில, பெயிண்டுகூட அடிக்காத புது ஸ்பீடு பிரேக்கர்.

"பதினாலு"ன்னாரு அத்தா.

"வாசலுக்கு வந்துட்டோம்த்தா, இதுக்கு ஒன்னுக்கு இறக்க வேணாம்"னு சொல்லி ஏத்தினேன்.

முன் சக்கரம் ரெண்டும் அந்தப் பக்கம். பின் சக்கரம் ரெண்டும் இந்தப் பக்கம். நடுவயிறு ஸ்பீடு பிரேக்கர் மேல. வண்டி முன்னயும் போகல, பின்னயும் போகல. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க மொத்தமும் வாசல்ல நின்னு வேடிக்கை பாக்குது.

அத்தா கதவத் தொறந்து இறங்கி, எல்லாருக்கும் ஸலாம் சொன்னாரு. அப்புறம் ஒன்னுமே நடக்காத மாதிரி, "தால்ச்சா வந்துருச்சு"ன்னாரு. மாப்பிள்ளையோட அத்தாவே ஓடிவந்து அண்டாவுக்கு ஒரு கை குடுத்தாரு. அண்டா உள்ள போச்சு. நானும் வண்டியும் வெளிய நின்னோம்.

கடைசியில எட்டு பேரு சேந்து வண்டியத் தூக்கி இறக்குனாங்க. அதுல ஒருத்தரு மாப்பிள்ளை! புதுச் சட்டையோட குனிஞ்சு, வண்டிக்கு அடியில ரொம்ப நேரம் பாத்தாரு. இந்தக் குடும்பத்துலயா பொண்ணு எடுக்கோம்னு யோசிக்கிறாருன்னு நெனைச்சேன்.

பந்தி ஆரம்பிச்சுச்சு. சம்பந்தியம்மா தால்ச்சாவ ஊத்தி ஒரு வாய் வச்சாங்க.

"அதே ருசி"ன்னாங்க. "ஒரு கத்திரிக்காகூடக் கொழையல."

அம்மா அழுதுட்டாங்க. மச்சான் தலையத் தடவிக்கிட்டாரு. தேதி குறிச்சு, இனிப்புக் குடுத்து, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சு அல்ஹம்துலில்லாஹ்.

கை கழுவுற எடத்துல மாப்பிள்ளை என் பக்கத்துல வந்து நின்னாரு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தாரு.

"மச்சான், ஒன்னு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

போச்சு, ஏதோ சொல்லப் போறாருன்னு நெனைச்சேன். "கேளுங்க."

"அந்த ஸ்ப்ரிங்கு எங்க வாங்குனீங்க? எங்கத்தா காருக்கு ஷாக்கு மாத்திட்டு வரச் சொல்லிருக்காரு. ரெண்டு வாரமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ஆட்டோகிராஸ்னா எனக்கு உசுரு மச்சான். வீட்டுல யாருக்கும் தெரியாது."

நான் நிமிந்து பாத்தேன். பொண்ணுங்க பக்கத்து ஜன்னல்ல ரிஸ்வானா நின்னு, ஆளு எப்படிண்ணேன்னு கண்ணாலயே கேக்குறா. மூஞ்சியில அம்புட்டு சந்தோசம். தங்கமான ஆளுன்னு நானும் தலைய ஆட்டிட்டேன்.

தால்ச்சாவ எப்படியோ காப்பாத்திட்டேன். தங்கச்சியத்தான் காப்பாத்த முடியல.