கசுப் பார்த்த பறவை

உலகத்தில் ஒரு பொருளைப் பார்த்தவர்கள் உண்டு, பார்க்காதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், பார்க்காமலே பார்த்தவர்கள் என்று மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அந்த இனத்தில் பழுத்த பழம் எங்கள் கசுப்.

மடாங் என்ற கடற்கரைப் பட்டணத்திலிருந்து ஆற்றோடு அரை நாள் உள்ளே வந்தால் எங்கள் ஊர். அங்கே சந்தை மாமரத்தடியில், வாய் நிறையப் பாக்கும் சுண்ணாம்புமாக அவர் உட்கார்ந்திருப்பார். நீங்கள் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும், கரை ஒதுங்கிய திமிங்கலமோ, மலையில் மோதிய ஹெலிகாப்டரோ, மந்திரியின் இரண்டாவது மனைவியோ, ஒற்றை விரலைத் தூக்கிப் பொறு என்பார், சிவக்கத் துப்புவார், பிறகு சொல்வார்: "போன வாரமே பாத்தேன்." நிலநடுக்கத்தைக்கூட அவர் முந்தின நாளே உணர்ந்துவிட்டார். சொல்லத்தான் நேரமில்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை, மரக் கம்பெனிக்காரர்கள் வரும்வரை.

காட்டை வெட்டிக்கொள்கிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று அவர்கள் காகிதத்தோடு வந்தார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. அப்போதுதான் தலைநகரிலிருந்து கெவா என்ற பெண், பறவை பார்க்க ஆட்களைக் கூட்டி வருபவள், செய்தி அனுப்பினாள்: நீளவால் மீன்கொத்தி உங்கள் காட்டில் இருந்தால் வருஷா வருஷம் விருந்தாளிகளோடு வருகிறேன், ஊருக்கும் காசு கிடைக்கும். ஊர்த் தலைவர் மாபுன் கசுப்பைக் கூப்பிட்டார்.

"அந்தப் பறவை நம்ம காட்டுல உண்டாய்யா?"

"உண்டான்னா கேக்குறீங்க! நாலு இருக்கு. வால் இம்புட்டு நீளம்." கசுப் தம் முழங்கையைக் காட்டினார். போதாது என்று பட்டதோ என்னவோ, பக்கத்தில் நின்றவன் முழங்கையையும் சேர்த்துக்கொண்டார்.

"அப்ப நீயே காட்டு. அவங்க கண்ணால பாத்தா காடு நிக்கட்டும். பாக்கலைன்னா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கையெழுத்து."

கெவா சனிக்கிழமை காலையில் மூன்று விருந்தாளிகளோடு வந்தாள். கசுப் முன்னே நடந்தார். "மேல பாருங்க, மேல பாருங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, நால்வரும் மர உச்சியையே அண்ணாந்து பார்த்து வேரில் இடறினார்கள். மூன்று மணி நேரம். அட்டைகளுக்குத்தான் வயிறு நிரம்பியது.

"அடடா, இப்பத்தான் பறந்துச்சு!"

"என்ன நிறம் அண்ணே?" என்றாள் கெவா.

"பறந்தா ஒரு நிறம், உக்காந்தா ஒரு நிறம்."

கெவா அதை நோட்டில் எழுதவில்லை. கசுப் பாக்கை வேகமாக மென்றார். நாளைக்கு இந்த மரமெல்லாம் விழும், தம் நாக்கால் விழும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கலக்கத்தில் வழியும் தவறியது. எங்கேயோ ஓர் இறக்கத்தில் இறங்கினார். சேம்பஞ்செடிகளுக்கு நடுவே ஒரு முதுகு குனிந்திருந்தது. பழக்கமான முதுகு. அவர் மனைவி கெலினா.

அது அவருடைய சொந்தத் தோட்டம். வேலை இருக்கும் இடமாதலால் வழி மறந்திருந்தது.

"என்ன தேடுறீங்க?" என்றாள் கெலினா. கெவா சொன்னாள்: சிவந்த அலகு, நீல முதுகு, வால் நுனியில் வெள்ளை.

"அதுங்களா? சத்தம் போடாம குத்தவைங்க. மேல எதுக்குப் பாக்குறீங்க? இடுப்பு உசரத்துல பாருங்க." அவள் மண்ணை நாலு கொத்துக் கொத்திவிட்டு ஒதுங்கினாள்.

தாழ்ந்த கிளை ஒன்றில், இத்தனை நேரம் அசையாமல் இருந்த ஒன்று வாலை ஒரு தரம் ஆட்டியது. பொத்தென்று இறங்கி மண்புழுவைக் கவ்விக்கொண்டு ஏறியது. பிறகு அதன் ஜோடி. ஈரப்பலா மரத்தில் ஒட்டியிருந்த கறையான் புற்றில் ஒரு துளை. அதற்குக் கீழே மொட்டை வாலோடு பழுப்பாக இரண்டு குஞ்சுகள், வாயைப் பிளந்தபடி. நாலு. சொன்ன பொய் எண்ணிக்கை பிசகாமல் எதிரே வந்து உட்கார்ந்தால் மனிதன் என்ன செய்வான்? கசுப் வாயிலிருந்த பாக்கை மெல்லவும் மறந்தார்.

"எத்தனை வருஷமா இருக்குதுங்க?" என்று மனைவியின் காதில் கேட்டார்.

"நம்ம மூத்தவ பொறந்ததுல இருந்து."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீங்கதான் பாத்துட்டதா ஊரெல்லாம் சொன்னீங்களே. பாத்தவருக்கு என்னத்தச் சொல்ல?"

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மாபுன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். விருந்தாளிகளுக்குப் பறவை காட்டும் பொறுப்பு கசுப்புக்கு என்றார். கசுப் எழுந்தார். விரலைத் தூக்கவில்லை.

"நான் அதை நேத்துதான் மொத மொதல்ல பாத்தேன். அதுவரைக்கும் சொன்னதெல்லாம் புளுகு. தெரிஞ்சவ என் பொண்டாட்டிதான்."

"பாத்தீங்களா, என்ன அடக்கம்!" என்றது ஒரு குரல். கைதட்டினார்கள். அவர் ஆயுளில் சொன்ன ஒரே உண்மைக்குக் கிடைத்த மரியாதை அது.

கெலினா எழுந்து, "அவரு சொல்றது நெசம்தான்" என்று சொன்ன பிறகுதான் கைதட்டல் நின்றது. இப்போது விருந்தாளிகளை அழைத்துப் போவது அவள். அந்த நாட்களில் மண்வெட்டி பிடிப்பது கசுப். புழு மேலே வர யாராவது மண்ணைக் கொத்த வேண்டுமே.

நான் பார்த்தேனா என்கிறீர்களா? நான் அந்தத் தோட்டத்துக்கு... சரி, அதை விடுங்கள். உங்களைத்தான் கேட்கிறேன். நீங்களும் இந்தப் பறவையைக் கண்டதில்லை. ஆனால் சிவந்த அலகு, கறையான் புற்று, இடுப்பு உயரக் கிளை என்று மூன்று விவரம் இப்போது உங்கள் மடியில். நாளை யாராவது மீன்கொத்தி என்று பேச்செடுத்தால், வாயை மூடிக்கொண்டிருப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.