கேளாமல் எடுத்த நிச்சயதார்த்தப் படம்

இணுவில்,
வெள்ளிக்கிழமை.

சுன்னாகத்தில் ஹோட்டல் நடத்தும் மதிப்பிற்குரிய செல்வநாயகம் அண்ணை அவர்களுக்கு,

இங்கு நாங்கள் நலமாக இல்லை. எங்கள் நிம்மதியைக் கெடுத்த தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். இவ்வளவு காலமும் உங்கள் தோசைக்கும் சம்பலுக்கும் விசுவாசமாக இருந்தவன் என்ற உரிமையில், கடுங்கோபத்தோடு எழுதுகிறேன்.

கடந்த ஞாயிறு என் மகள் சாருஜாவைப் பெண் பார்க்கக் கரவெட்டியில் இருந்து வந்தார்கள். வீட்டுக்கு வந்தால் ஒழுங்கையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் தெரிந்துவிடும், சரிவராவிட்டால் பிள்ளைக்குத்தான் பெயர் கெடும், சரிவரும்போல் இருந்தால் குழப்புவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால், தற்செயலாய்ச் சாப்பிட வந்த இரண்டு குடும்பங்கள் போல உங்கள் மேல்மாடியில் சந்திப்பதாக ஏற்பாடு. இது எங்கள் ஊர்களில் எல்லோரும் செய்வதுதான். தற்செயலாய் வந்த பெண்கள் எல்லோரும் பட்டுச்சேலையில் இருந்ததைக் கண்டு நீங்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள்.

உங்கள் ஹோட்டலில் எது நடந்தாலும் படம் எடுத்து முகநூலில் போடுகிறீர்கள். பிறந்தநாள், பிரியாவிடை, புது ஐஸ்கிறீம் பெட்டி வந்து இறங்கியது எல்லாம் போட்டீர்கள், நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதற்காக ஒரு கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மாப்பிள்ளை பிரவீணனையும் என் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக் கமராக்காரரை ஏவிவிடுவதா? கேக் அவர்களின் ஏற்பாடு என்று நாங்கள் நினைத்தோம். எங்களின் ஏற்பாடு என்று அவர்கள் நினைத்தார்கள். கேட்பது மரியாதை இல்லை என்று இரண்டு பகுதியும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். "ஐயா, சம்பந்தியோடை இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கோ" என்றார் உங்கள் கமராக்காரர். நானும் நெருங்கினேன்.

நாங்கள் வீடு வந்து சேர முதலே படம் ஏறிவிட்டது. 'நிச்சயதார்த்த நல்வாழ்த்துகள்' என்று மேலே எழுத்து வேறு. லண்டனில் இருந்து என் தங்கை நல்லம்மா போனில் அழுகிறாள்: "அண்ணை, எனக்குமே மறைச்சுப் போட்டீங்கள்?" அவளைச் சமாதானப்படுத்தி முடிக்க, பிரவீணனின் தாயார் அழைப்பு எடுத்தார்.

"நாங்கள் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. அதுக்கிடையிலை கேக்கும் வெட்டிப் படமும் போட்டு எங்களை மடக்கப் பாக்கிறியளோ?"

"அம்மா, கேக் நீங்கள்தானே..."

"நாங்களோ?" என்று கேட்டவர் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு அங்கிருந்து ஒரு கதையும் இல்லை.

வந்த சம்பந்தம் எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளிய பிள்ளை, முதல்முறையாக வேண்டாம் என்று சொல்லாத சம்பந்தம் இது, அண்ணை. உங்கள் விளம்பர ஆசையால் அது முறிந்தால் நான் யாரிடம் போய்க் கேட்பது? என் மனைவி பராசக்தி உங்களைத் திட்டியபடிதான் அடுப்பே மூட்டுகிறாள்.

ஆகவே கடிதம் கண்ட கையோடு படத்தை அழிக்க வேண்டும். அது நிச்சயதார்த்தம் இல்லை, பிழை ஹோட்டலுடையது என்று அதே இடத்தில் நீங்கள் எழுதவும் வேண்டும். இனி உங்கள் ஹோட்டல் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

உங்கள் குடும்பத்துக்குக் கந்தசுவாமியார் துணை நிற்கட்டும். அந்தக் கமராவுக்கு மட்டும் நிற்க வேண்டாம்.

இங்ஙனம்,
வ. நமசிவாயம்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் சாருஜா கடிதத்தை வாங்கி வாசித்தாள். "அழிக்கச் சொல்லாதேங்கோ அப்பா" என்று போனைக் காட்டினாள். படத்தின் கீழே வாழ்த்திய அத்தனை பேருக்கும் பிரவீணன் தம்பி ஒவ்வொருவராய் 'நன்றி' என்று பதில் போட்டிருக்கிறார், லண்டன் நல்லம்மாவுக்கும் சேர்த்து. "தாயையும் சமாளிச்சிட்டாராம்" என்றாள். "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன். பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது.

எனவே படம் இருக்கட்டும். மேலே உள்ள எழுத்தும் அப்படியே இருக்கட்டும். நிச்சயதார்த்தம் என்றைக்கு என்பதை மட்டும் நாங்கள் பிறகு அறிவிக்கிறோம்.