ஒரு வீட்டுக்கு இரண்டு ஹீட் பம்ப்

முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாதவர்கள் டென்மார்க்கில் வாடகை வீட்டிலேயே காலத்தை ஓட்டிவிடுவது நல்லது. வாடகை வீட்டில் பொயிலர் பழுதானால் அது வீட்டுக்காரர் பாடு. சொந்த வீடென்றால் நாலு பேரைக் கூப்பிட்டு, விசாரித்து, ஒருவரைத் தெரிவுசெய்து, மற்றவரிடம் ‘நீங்கள் இல்லை’ என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வேலைதான் எனக்கு வராது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தன்னுடைய கட்சிக்கு வாக்குப் போடச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு இறங்குகிற ஆள் நான்.

ரண்டர்ஸில் எங்கள் வீட்டுக் காஸ் பொயிலர் அந்த மாரியில் இருமத் தொடங்கியது. நகரத்துப் பொதுச் சுடுநீர்க் குழாய் எங்கள் தெருவுக்கு வரவில்லை. எப்போது வரும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் அனுப்பும் ஹீட் பம்ப் ஒன்று போடுவதென்று நானும் மனைவி ரஞ்சியும் தீர்மானித்தோம். (பனிக்காலக் காற்றில் ஏது சூடு என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் கேட்டேன். நெடுநேரம் விளக்கினார்கள். தலையாட்டினேன்.)

முதலில் பார்க்க வந்தவர் பிரேபன் என்ற டெனிஷ்காரர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அறை அறையாகப் போய் ரேடியேட்டர்களை அளந்தார். சன்னல் ஓரங்களில் கையை வைத்துக் காற்று நுழைகிறதா என்று பார்த்தார். வீட்டில் யார் யார் எவ்வளவு நேரம் குளிப்பீர்கள் என்று கேட்டார். ரஞ்சி ஒளிவுமறைவில்லாமல் என்னைக் காட்டிக்கொடுத்தாள். பிறகு முற்றத்துக்குப் போய், பக்கத்து வீட்டு இங்கர் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார் என்று விசாரித்தார். இயந்திரத்தின் இரைச்சல் அந்தப் பக்கம் போகக் கூடாதாம். கடைசியில், நடுத்தர அளவு பம்ப் போதும், மேல்மாடியில் இரண்டு ரேடியேட்டர்களை மட்டும் மாற்றினால் சரி என்றார்.

அடுத்து வந்தவன் அன்ரன். கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற பொடியன். பிரெடெரிசியாவில் புதிதாகக் கொம்பனி தொடங்கியிருந்தான். வரவேற்பறையில் இருந்தபடியே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தான்.

“அண்ணை, பெரிசாப் போடுவம். பெரிசெண்டால் பயமில்லை,” என்றான்.

எனக்கும் பெரிதென்றால் பிடிக்கும். அவன் காட்டிய படத்தில் இயந்திரம் அலுமாரி அளவில் கம்பீரமாக நின்றது. அன்ரன் போனதும் ரஞ்சி என் கனவைக் கலைத்தாள்.

“முதல் வந்தவர் வீட்டைப் பாத்தவர். இவன் உங்களைத்தான் பாத்தவன். பிரேபனுக்கே குடுப்பம்.”

கொடுத்தோம். ஒரு திங்கட்கிழமை வேலை தொடங்குவதாக ஏற்பாடு. ஓகூஸில் இருக்கும் எங்கள் மகள் மெலனிக்கு அதற்கு இரண்டு கிழமை கழித்துப் பிள்ளைப்பேறு. தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்களிடம் வருவதாக இருந்ததால், அதற்குள் வீடு கதகதப்பாகிவிடும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அன்ரனுக்கு யார் சொல்வது? அவனுடைய மனைவியோடு ரஞ்சி அடிக்கடி போனில் கதைப்பாள், சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். கோயிலில் காணும்போது நான் சொல்லிவிடுவேன் என்று ரஞ்சி நினைத்தாள். இரண்டு பேரும் நினைத்ததோடு சரி.

பேத்தி அவசரக்காரி. வேலை தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமையே பிறந்துவிட்டாள். ரஞ்சி ஓகூஸில் மகளோடு நின்றுவிட, ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் நன்றி சொல்லக் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து கார்த் தரிப்பிடத்தில் எல்லோரும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். அன்ரனும் வந்தான். சரியாக அந்த நேரம் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அவனுடைய வாய் அசைந்தது. மணி ஓயும்போது கடைசி இரண்டு சொற்கள்தான் என் காதில் விழுந்தன.

“...வாறன் அண்ணை.”

எங்கள் ஆட்கள் விடைபெறும்போது அப்படித்தானே சொல்வார்கள். போகிறவன் ‘வாறன்’ என்றால் நாம் என்ன சொல்வோம்?

“ஓம் ஓம், வாங்கோ,” என்றேன்.

மணிக்குள் அமுங்கிப்போனது என்னவென்று மறுநாள்தான் தெரிந்தது. ‘ஓர் ஆள் கடைசி நேரத்தில் வேண்டாமென்றிட்டார், பெரிய மெஷின் ஒன்று கையில் கிடக்கு, குழந்தை வரப்போற வீடு, நாளைக்கே ஏற்றிக்கொண்டு வாறன்’ என்பதுதான் முழு வாக்கியமும்.

திங்கள் காலை பிரேபன், பம்பையும் சுடுநீரைச் சேமிக்கும் பெரிய தண்ணீர்த் தாங்கியையும் தன் வானில் ஏற்றிக்கொண்டு தனியாக வந்தார். கூட வேலை செய்பவருக்குக் காய்ச்சலாம். ஆனாலும் காஸை நிறுத்தி, குழாய்த் தண்ணீரை வடித்து, பழைய பொயிலரைக் கழற்றிப் புல்லில் கொண்டுபோய் வைத்தார். வீடு குளிரத் தொடங்கியது. அப்போது வாசலில் ஒரு வான் வந்து நின்றது. பின்னால் இழுவைப் பெட்டி. அதில் பட்டி போட்டுக் கட்டிய, என்னைவிட உயரமான ஒரு பொதி.

“வாழ்த்துக்கள் அண்ணை. மெஷின் கொண்டந்திட்டன்,” என்று இறங்கினான் அன்ரன்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நான் தமிழில் அன்ரனிடம், “உவர் பழசைக் கழட்ட வந்தவர்,” என்றேன். டெனிஷில் பிரேபனிடம், “இவர் என்னுடைய சொந்தக்காரர், குழந்தை பார்க்க வந்திருக்கிறார்,” என்றேன்.

பிரேபன் சன்னலால் அந்தப் பொதியைப் பார்த்தார்.

“குழந்தைக்குப் பெரிய பரிசாகத்தான் கொண்டுவந்திருக்கிறார்,” என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

அன்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “அண்ணை, நான் இஞ்சை பிறந்து வளந்தனான். எனக்கு டெனிஷ் விளங்கும்.”

பிரேபன் கையிலிருந்த ஸ்பனரைக் கருவிப் பெட்டிக்குள் வைத்தார். வீட்டில் வேலை யாருக்கு என்று தெரியாமல் தான் ஒரு திருகாணியும் தொடமாட்டேன் என்றார். அன்ரன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பொல்லாத நேரத்தில் என் போன் அடித்தது. ரஞ்சி. அவளுடைய குரல் எப்போதும் போனுக்கு வெளியேதான் கேட்கும்.

“தாயையும் பிள்ளையையும் வீட்டை போகச் சொல்லிட்டினம். வெளிக்கிடுறம். வீடு சூடா இருக்கோ?”

“ஓம் ஓம்,” என்றேன்.

அன்ரன் அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் பிரேபனுக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்தான். பிரேபன், பொயிலரைக் கழற்றிய இடத்தில் குழாய்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு மேலாடை போட்டிருந்தும் நடுங்கியது.

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. தமிழ் பாதி, டெனிஷ் பாதியாக எல்லாவற்றையும் கொட்டினேன். அன்ரன் கட்டியிருந்த கைகளைப் பிரித்தான்.

“வேண்டாமெண்டு ஒரு மெசேச் போட்டிருக்கலாமே அண்ணை. நான் என்ன கோவிக்கவே போறன்?”

“மன்னிச்சுக்கொள் அன்ரன்.”

“சரி, அதைப் பிறகு கதைப்பம். பச்சைப் பிள்ளை வருது.” அவன் பிரேபன் பக்கம் திரும்பி டெனிஷில் கேட்டான்: “அந்தத் தண்ணீர்த் தாங்கியை நீங்கள் தனியாக எப்படி உள்ளே கொண்டுபோவீர்கள்?”

“அதைத்தான் நானும் காலையிலிருந்து யோசிக்கிறேன்,” என்றார் பிரேபன்.

அன்ரன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். தன்னுடைய வேலையைப் பறித்த மனிதரின் தாங்கியை ஒரு பக்கம் தான் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். நடுவில் பிரேபனிடம் அளவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, “இவர் சொன்னதுதான் சரி அண்ணை. என்ரை மெஷின் உங்கடை வீட்டுக்குக் கூடிப்போச்சு,” என்று வாய்விட்டுச் சொன்னான். அதைச் சொல்ல அவனுக்கு ஒரு கட்டாயமும் இருக்கவில்லை.

இரண்டு பேர் சேர்ந்தாலும் மின்சாரக்காரர் வந்து இணைத்து முடிக்க அடுத்த நாளாகும் என்றார்கள். அதற்குள் மருமகனின் கார் வந்துவிட்டது. ரஞ்சி போர்வைக்குள் பேத்தியை அணைத்தபடி இறங்கினாள். புல்லில் பழைய பொயிலர், வாசலில் இரண்டு வான், பக்கத்துக்கொன்றாக இரண்டு ஹீட் பம்ப்.

“இதென்ன, கடை துறந்திருக்கிறியளோ?” என்றாள்.

அந்த நேரம் பார்த்து இங்கர் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். தனியாக வாழ்பவர். காலையிலிருந்து குசினிச் சன்னலில் கோப்பிக் கோப்பையோடு எங்கள் நாடகத்தை ஒரு காட்சி விடாமல் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“என் படுக்கையறையைச் சூடாக்கி வைத்திருக்கிறேன். குழந்தையைக் குளிரில் நிற்க வைக்காதீர்கள்,” என்று ரஞ்சியின் தோளில் கைவைத்து நடத்திக்கொண்டு போனார்.

தாயும் பிள்ளையும் ரஞ்சியும் அங்கே தங்கினார்கள். இங்கர் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு சோபாவில் படுத்தார். ரஞ்சி அவருடைய குசினியில் மெலனிக்கு, பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் சரக்குக்கறி காய்ச்சினாள். மிளகு வாசத்துக்கு இங்கர் எல்லாச் சன்னலையும் திறந்தார். பிறகு ஒரு கிண்ணத்தோடு வந்து தனக்கும் கொஞ்சம் கேட்டார். பேத்தி முதன்முதலாகக் குளித்தது இங்கரின் பாத்திரத் தொட்டியில்தான். இவ்வளவு காலம் வேலிக்கு மேலால் ‘ஹாய்’ என்பதோடு நின்றிருந்த பழக்கம் அது.

பிரேபன் போட்ட பம்ப் இன்றைக்கும் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. அன்ரனின் பெரிய இயந்திரம் பிரேபனுக்குத் தெரிந்த ஒரு பண்ணை வீட்டுக்குப் போனது. அதன்பிறகு இரண்டு பேரும் பாரமான வேலைகளுக்கு ஒருவரையொருவர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். என்னால் டென்மார்க்குக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான் என்பது ரஞ்சியின் கணிப்பு.

பேத்தி இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். வீட்டில் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். எங்கள் வீட்டில் வைத்து யாராவது அவளிடம், “நீங்கள் எங்கை பிறந்தனீங்கள்?” என்று கேட்டால் போதும், விரலைப் பக்கத்து வீட்டுப் பக்கம் நீட்டி, “ஹோஸ் இங்கர்,” என்பாள், இங்கர் வீட்டில் என்று. போன கிழமையும் மெலனி பொறுமையாக டெனிஷில், “இல்லைச் செல்லம், ஓகூஸ் ஆஸ்பத்திரியில்,” என்று திருத்தப் பார்த்தாள். கேக் வெட்டிக்கொண்டிருந்த இங்கர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அவளை ஏன் குழப்புகிறாய்?” என்றார். “அங்கே இருந்தது அவள்தானே, அவளுக்குத் தெரியாதா?”